சம்னர் கோர்ட்டு: ஒரு சிற்றூர் நீதிமன்றத்தின் நூறு ஆண்டுகள்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பருத்தி வயல்களுக்கு நடுவே சம்னர் என்றொரு ஊர் இருக்கிறது. இன்றைய மக்கள்தொகை சில நூறுதான். காசிடி பேயூ என்ற தேங்குநீர் ஓடை ஊரை ஒட்டிக் கிடக்கிறது. நடுவில் ஒரு சதுக்கம். அதன் மையத்தில், இவ்வளவு சின்ன ஊருக்கு இது எதற்கு என்று கேட்கத் தோன்றும் அளவுக்குப் பெரிய செங்கல் கட்டடம். வளைந்த வாசல், கனத்த சுவர்கள், மணிக்கூண்டு. டலஹாச்சி கவுண்டியின் இரண்டாம் பிரிவு நீதிமன்றம் அது. 1955 செப்டம்பரில் ஐந்து நாள்கள், அமெரிக்காவின் பெரிய பத்திரிகைகள் எல்லாம் இந்தக் கட்டடத்தின் மாடிக் கூடத்தில் வந்து உட்கார்ந்தன. எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட இரண்டு வெள்ளையர்களை, ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி விடுதலை செய்தது இங்கேதான்.

அந்தக் கொலையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். கட்டடத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எனக்கு இந்தக் கட்டடத்தின் கதை முக்கியமாகப் படுகிறது. 1955இல் வந்த தீர்ப்பு அந்த ஐந்து நாள்களில் உருவான தீர்ப்பில்லை. இந்தக் கோர்ட்டு எங்கே கட்டப்பட்டது, அதன் எல்லை எதுவரை, ஜூரியில் யார் உட்காரலாம், ஊர் வக்கீல்கள் யார் பக்கம் என்று முன்பே அமைந்துவிட்ட ஏற்பாடுகளின் விளைவு அது. 52 ஆண்டுகள் கழித்து அதே வாசலில் மன்னிப்பு வாசிக்கப்பட்டதிலும் இந்தக் கட்டடத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு கவுண்டி, இரண்டு தலைநகரங்கள்

கவுண்டி என்பதை ஏறத்தாழ நம்மூர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம், அளவில் மிகச் சிறியது. டலஹாச்சி கவுண்டி 1833இல் உருவானது. அதன் கிழக்குப் பகுதி மேட்டு நிலம். அங்கே சிறு விவசாயிகள், பெரும்பாலும் வெள்ளையர்கள். மேற்குப் பகுதி டெல்டா. கரிசலாய்க் கறுத்த வண்டல் மண், பெரிய பருத்தித் தோட்டங்கள், அந்தத் தோட்டங்களில் விளைச்சலில் பங்கு என்ற கணக்கில் வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பங்கள். இரண்டுக்கும் நடுவே ஆறும் சதுப்பும்.

பாலமும் நல்ல சாலையும் இல்லாத காலத்தில், டெல்டாவிலிருந்து ஒருவர் ஒரு பத்திரம் பதிவுசெய்யக் கிழக்கே சார்ல்ஸ்டனுக்குப் போக வேண்டுமென்றால் மழைக்காலத்தில் பெரும்பாடு. அதனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவுண்டியை இரண்டு நீதிப் பிரிவுகளாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்குச் சார்ல்ஸ்டன், இரண்டாம் பிரிவுக்குச் சம்னர். மிசிசிப்பியின் 82 கவுண்டிகளில் பத்துக்கு இன்றும் இப்படி இரட்டைத் தலைநகரம் உண்டு. இப்போது நிற்கும் சம்னர் கட்டடம் 1910ஐ ஒட்டி எழுந்தது. ரோமனெஸ்க் பாணி என்று கட்டடக் கலைஞர்கள் சொல்வார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு, கோட்டை ஒன்றைச் சுருக்கிச் செங்கல்லில் கட்டியது மாதிரி இருக்கும்.

கோர்ட்டு வந்ததும் ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. சதுக்கத்தைச் சுற்றி வக்கீல் அலுவலகங்கள், வங்கி, கடைகள். 1913இல் கோர்ட்டுப் புல்வெளியில் ஒரு சிலை வைத்தார்கள், உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படைவீரர்களுக்கு. போர் முடிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து வைத்த சிலை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இத்தகைய சிலைகள் பலவும் அந்தக் காலத்தவைதான். கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைப் பறித்த 1890ஆம் ஆண்டு மிசிசிப்பி அரசியலமைப்பு நன்றாக வேரூன்றிவிட்ட காலம். கோர்ட்டுக்கு வருபவர் உள்ளே நுழையும் முன் அந்தச் சிலையைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே யாருடைய சட்டம் நடக்கிறது என்பதை அது வாசலிலேயே சொல்லிவிட்டது.

சம்னருக்கு வழக்கு வந்த வழி

எம்மெட் டில் சிகாகோ பையன். 1955 ஆகஸ்டில் விடுமுறைக்கு, தாத்தா முறையான மோஸஸ் ரைட்டின் வீட்டுக்கு வந்தான். அந்த வீடு டலஹாச்சியில் இல்லை. பக்கத்து லெஃப்லோர் கவுண்டியில், மணி என்ற கிராமத்துக்கு அருகே. ஆகஸ்ட் 24 அன்று அந்தக் கிராமத்துப் பிரயண்ட் மளிகைக் கடையில், கடைக்காரரின் மனைவி கரோலின் பிரயண்டிடம் அவன் அத்துமீறி நடந்துகொண்டான் என்று பேச்சு கிளம்பியது. கடைக்கு வெளியே அவன் விசிலடித்ததைக் கூட இருந்த உறவுக்காரப் பையன்கள் சொன்னார்கள். ஆகஸ்ட் 28 பின்னிரவில் கரோலினின் கணவர் ராய் பிரயண்டும் அவருடைய, தாய் ஒருவரே ஆன சகோதரர் ஜே.டபிள்யூ. மைலமும் துப்பாக்கியோடு வந்து பையனை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து டலஹாச்சி ஆற்றில், மீன்பிடிக்கப் போன ஒரு இளைஞன் கண்ணில் உடல் பட்டது. முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள, பருத்தி ஜின்னிங் ஆலையின் இரும்பு விசிறி ஒன்றை முள்கம்பியால் கழுத்தில் கட்டியிருந்தார்கள். விரலில் ‘எல்.டி.’ என்ற எழுத்துகள் பொறித்த வெள்ளி மோதிரம். அது அவனுடைய இறந்துபோன அப்பா லூயி டில்லின் மோதிரம்.

இப்போது எல்லைக் கணக்கைப் பாருங்கள். கடத்தல் நடந்தது லெஃப்லோர் கவுண்டியில். அடித்துக் கொன்றது சன்ஃப்ளவர் கவுண்டியில், ட்ரூ என்ற ஊருக்கு அருகே, மைலமின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் நிர்வகித்த தோட்டத்துக் கொட்டகையில். இது விசாரணை நடுவில்தான் சாட்சிகள் மூலம் தெரியவந்தது. ஆனால் உடல் கிடைத்தது தன் எல்லைக்குள் என்று டலஹாச்சி கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிப் ஹென்றி கிளாரன்ஸ் ஸ்ட்ரைடர் சொன்னார். வழக்கு அவரிடம் வந்தது. ஆற்றின் மேற்குப் பக்கம் என்பதால் சார்ல்ஸ்டனுக்குப் போகாமல் சம்னருக்கு வந்தது.

ஸ்ட்ரைடர் ஷெரிப் மட்டுமில்லை, பெரிய தோட்டக்காரரும்கூட. தன் நிலத்தில் குடியிருந்த கறுப்பினக் குத்தகைதாரர்களின் வீடுகளில் கூரைக்கு ஓர் எழுத்தாகத் தன் பெயரை வானத்திலிருந்து படிக்கும்படி எழுதிவைத்திருந்தவர். உடல் கிடைத்த அன்றே அதை அங்கேயே புதைத்துவிட ஏற்பாடு நடந்தது. குழிகூட வெட்டத் தொடங்கிவிட்டார்கள். சிகாகோவிலிருந்து அம்மா மேமி டில் தடுத்திருக்காவிட்டால் வழக்கே இருந்திருக்காது. உடலைச் சிகாகோவுக்கு வரவழைத்த அந்த அம்மா, சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். தன் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்பதை உலகம் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தார். ராபர்ட்ஸ் டெம்பிள் தேவாலயத்தில் பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். ‘ஜெட்’ இதழ் அந்த முகத்தின் படத்தை வெளியிட்டது.

படம் வெளியாகி வடக்கிலிருந்து கண்டனம் குவிந்ததும் ஸ்ட்ரைடர் பேச்சை மாற்றினார். ஆற்றில் கிடைத்தது டில்லின் உடலே இல்லை, அது நெடுநாள் தண்ணீரில் கிடந்த வேறு யாரோ என்றார். கறுப்பரா வெள்ளையரா என்றுகூடச் சொல்ல முடியாத உடல் என்றும் சாட்சிக் கூண்டில் சொன்னார். ஆனால் அந்த உடலை அவர் ஒப்படைத்தது கறுப்பின ஈமச்சடங்குக்காரரிடம். அன்றைய மிசிசிப்பியில் செத்தவர்களுக்கும் இனப் பிரிவினை உண்டு. வெள்ளையராக இருக்கலாம் என்று ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தாலும் அந்த உடல் அங்கே போயிருக்காது. குற்றவாளிகளைப் பிடித்து ஆதாரம் திரட்ட வேண்டிய ஷெரிப் எதிர்த்தரப்பின் முக்கிய சாட்சியாக நின்ற வழக்கு இது.

மாடிக் கூடத்தில்

விசாரணை செப்டம்பர் 19 அன்று தொடங்கியது. வெளியே வெயில் 35 டிகிரியைத் தொட்டது. கூடத்தில் முந்நூறு பேருக்குக்கூட இருக்கை கிடையாது, நானூறு பேர் நெரித்துக்கொண்டு நின்றார்கள். நீதிபதி கர்ட்டிஸ் ஸ்வாங்கோ எல்லோரையும் கோட்டைக் கழற்றிவிட்டு உட்காரச் சொன்னார். சிகரெட்டுக்கும் தடையில்லை. மேலே சுற்றிய விசிறிகள் புகையைத்தான் சுற்றின. குளிர்பானம் விற்பவர்கள் நடுவே நடந்தார்கள். குற்றம்சாட்டப்பட்ட இருவரும் மனைவி மக்களோடு வந்து, தங்கள் சின்னப் பையன்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பையன்கள் தண்ணீர்த் துப்பாக்கி வைத்து விளையாடியதைப் பத்திரிகையாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வெள்ளை நிருபர்களுக்கு நீதிபதிக்கு முன்னால் இடம். கறுப்பின நிருபர்களுக்கு ஓரமாக, சீட்டாடப் பயன்படும் மடக்கு மேசை ஒன்று. மேமி டில்லையும் அந்த மேசையில்தான் உட்கார வைத்தார்கள். மிச்சிகனிலிருந்து வந்திருந்த சார்ல்ஸ் டிக்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், கறுப்பினத்தவர். அவருக்கும் அந்த மேசைதான். ஸ்ட்ரைடர் தினமும் காலையில் அந்த மேசையைத் தாண்டிப் போகும்போது இழிசொல்லால் வணக்கம் சொல்வார்.

அந்த மடக்கு மேசையில் இருந்தவர்கள் செய்த வேலையைப் பற்றி நிச்சயம் சொல்ல வேண்டும். அரசுத் தரப்பிடம் கொலையைப் பார்த்த சாட்சி என்று யாரும் இல்லாத நிலையில், கறுப்பின நிருபர்களும், மவுண்ட் பேயூ என்ற கறுப்பின ஊரைச் சேர்ந்த டாக்டர் டி.ஆர்.எம். ஹோவர்டும், மெட்கர் எவர்ஸ் போன்ற உரிமை இயக்கத்தினரும் இரவில் தோட்டக் கூலிகளின் உடையில் வயல்வெளிகளுக்குள் போய்ச் சாட்சிகளைத் தேடினார்கள். 18 வயது வில்லி ரீட் அப்படிக் கிடைத்தவர்தான். கொட்டகைக்குள்ளிருந்து அடி விழும் சத்தத்தையும் அலறலையும் கேட்டதாகவும், மைலம் துப்பாக்கியோடு வெளியே வந்து தண்ணீர் குடித்ததைப் பார்த்ததாகவும் அவர் கூண்டில் ஏறிச் சொன்னார். குரல் வெளியே வராத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. நீதிபதி பலமுறை சத்தமாகப் பேசச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய நாள் மோஸஸ் ரைட். அப்போது அவருக்கு 64 வயது. பருத்தி எடுக்கும் வாரக்குடி, ஊரில் பிரசங்கமும் செய்தவர். உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இந்தக் கூடத்தில் இருக்கிறார்களா என்று அரசு வக்கீல் ஜெரால்ட் சாத்தம் கேட்டார். ரைட் எழுந்து நின்றார். கையை நேராக நீட்டி மைலமைக் காட்டினார், பிறகு பிரயண்டை. படமெடுக்கத் தடை இருந்தும், எர்னஸ்ட் விதர்ஸ் என்ற கறுப்பினப் புகைப்படக்காரர் அந்தக் கணத்தை எடுத்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மெல்லிய கறுப்பு டை, நீட்டிய கை. மிசிசிப்பி டெல்டாவில் ஒரு கறுப்பினத்தவர் கோர்ட்டில் எழுந்து வெள்ளையரைக் கைகாட்டுவது உயிரைப் பணயம் வைப்பதுதான். சாட்சி சொன்ன பிறகு அவர் அந்த ஊரில் இருக்கவில்லை. வயலில் பருத்தி அப்படியே நிற்க, சிகாகோவுக்குப் போய்விட்டார். வில்லி ரீடும் போனார். பெயரைக்கூட மாற்றிக்கொண்டு வாழ்ந்தார்.

மேமி டில் கூண்டில் ஏறி, ஒரு தாய்க்குத் தன் பிள்ளையைத் தெரியாதா என்ற உறுதியோடு உடலை அடையாளம் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் அவரிடம் கேட்டது மகனுக்கு எடுத்திருந்த காப்பீட்டைப் பற்றியும், அவர் எந்தப் பத்திரிகை படிப்பார் என்பதைப் பற்றியும்.

நீதிபதி ஸ்வாங்கோவும் அரசு வக்கீல் சாத்தமும் மோசமானவர்கள் இல்லை. வடக்கிலிருந்து வந்த நிருபர்களே நீதிபதியின் நடுநிலையைப் பாராட்டி எழுதினார்கள். கரோலின் பிரயண்டின் சாட்சியத்தை, வழக்குக்குத் தொடர்பில்லாதது என்று சொல்லி, ஜூரியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் அவர் கேட்டார். சாத்தம் மனம் நொந்து வாதாடினார். இதைச் சொல்வது அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க இல்லை. நல்ல நீதிபதி, நேர்மையான அரசு வக்கீல், துணிந்த சாட்சிகள் எல்லாம் ஒரே கூடத்தில் அமைந்தும் நீதி கிடைக்கவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

பட்டியல்

அது ஜூரியில் இருந்தது. நம் நாட்டில் ஜூரி முறை எப்போதோ போய்விட்டதால் ஒரு வரி விளக்கம் வேண்டும்: குற்றவாளியா இல்லையா என்பதை நீதிபதி முடிவு செய்வதில்லை, ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் முடிவு செய்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேரைப் பதிவுபெற்ற வாக்காளர்களிலிருந்து எடுப்பார்கள். டலஹாச்சி கவுண்டியில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் கறுப்பினத்தவர். அவர்களில் வாக்காளராகப் பதிவானவர் ஒருவர்கூட இல்லை. வரி, எழுத்தறிவுத் தேர்வு, அதற்கும் மேல் அடி உதை, வேலைநீக்கம் என்று பல தடைகள். பெண்கள் ஜூரியில் உட்கார மிசிசிப்பியில் 1968 வரை அனுமதியே இல்லை. ஆக, சம்னர் கூடத்தில் பன்னிரண்டு வெள்ளை ஆண்கள், பெரும்பாலும் விவசாயிகள். சாட்சி யார், ஆதாரம் என்ன என்று ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே விடை அந்தப் பட்டியலில் இருந்தது.

ஊரில் இருந்த ஐந்து வக்கீல்களும் எதிர்த்தரப்பில் சேர்ந்துகொண்டார்கள். இறுதி வாதத்தில் ஜான் விட்டன் ஜூரியைப் பார்த்து, உங்களில் ஆங்கிலோ சாக்சன் ஒவ்வொருவருக்கும் இவர்களை விடுவிக்கும் துணிவு இருக்கிறது என்று நம்புகிறேன் என்ற பொருள்படப் பேசினார். செப்டம்பர் 23 அன்று ஜூரி உள்ளே போய் 67 நிமிடத்தில் திரும்பியது. குற்றவாளிகள் இல்லை. நடுவில் சோடா குடிக்க நிறுத்தியிருக்காவிட்டால் அவ்வளவு நேரமும் ஆகியிருக்காது என்று ஜூரியில் ஒருவர் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. சில ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழகப் பட்டத்துக்காக இந்த வழக்கை ஆராய்ந்த ஒரு மாணவர் ஜூரி உறுப்பினர்களைத் தேடிப்போய்ப் பேசினார். அந்த இருவரும் கொன்றார்கள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை என்பது அவர் கண்டது. உடல் யாருடையது என்ற வாதம் ஒரு போர்வை, அவ்வளவுதான்.

நவம்பரில் லெஃப்லோர் கவுண்டியில், வழக்குப் பதியலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி கடத்தல் குற்றத்துக்கும் வழக்குப் பதிய மறுத்தது. 1956 ஜனவரியில் பிரயண்டும் மைலமும் சுமார் 4,000 டாலர் வாங்கிக்கொண்டு ‘லுக்’ இதழுக்குக் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது என்பது அமெரிக்கச் சட்டம். அதை நன்றாகத் தெரிந்துகொண்டே பேசினார்கள்.

1955 நவம்பர் 27 அன்று அலபாமாவின் மாண்ட்காமரியில், ஒரு தேவாலயத்தில் டாக்டர் ஹோவர்ட் இந்த வழக்கைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களில் ரோசா பார்க்ஸ் என்ற தையல்காரப் பெண்மணியும் ஒருவர். நான்கு நாள் கழித்துத்தான் அவர் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார். உரிமைப் போராட்டத்தைத் தூண்டிய மறுப்பு அது.

ஐம்பது ஆண்டு மௌனம்

சம்னரில் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. கோர்ட்டில் நிலத் தகராறுகளும் திருட்டு வழக்குகளும் நடந்தன. அங்கே இப்படியொரு விசாரணை நடந்தது என்பதற்கு ஒரு பலகைகூட வைக்கவில்லை. விசாரணையின் எழுத்துப் பதிவும் காணாமல்போயிருந்தது. 1970களில் கட்டடத்தின் உள்ளமைப்பை மாற்றியபோது 1955இன் கூடமும் உருமாறியது. வேண்டுமென்றே அழித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நினைவில் வைத்துக்கொள்ள விரும்பாத ஊரில், பாதுகாக்க வேண்டிய கூடம் என்ற எண்ணம் யாருக்கும் வந்திருக்காது.

இதற்கிடையில் பருத்தி எடுக்க இயந்திரம் வந்தது. வேலை போனது, மக்கள் வடக்கே போனார்கள். 1950இல் முப்பதாயிரம் பேர் இருந்த கவுண்டியில் இன்று பதின்மூன்றாயிரத்துக்கும் குறைவு. வரி வருமானம் இல்லாத ஒரு கவுண்டிக்கு இரண்டு கோர்ட்டுக் கட்டடங்களைப் பராமரிப்பது பெரும் சுமை. சம்னர் கட்டடம் பழுதடைந்துகொண்டே வந்தது.

2004இல் எஃப்.பி.ஐ. வழக்கை மீண்டும் திறந்தது. மேமி டில் அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் காலமாகிவிட்டார். ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தவர், அதைப் பார்க்கவில்லை. 2005இல் சிகாகோவை ஒட்டிய கல்லறையிலிருந்து உடலை எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். அது எம்மெட் டில்தான். சம்னரில் எதிர்த்தரப்பு எழுப்பிய அந்த ஒரே வாதமும் அத்தோடு முடிந்தது. தொலைந்துபோன விசாரணைப் பதிவின் மங்கிய பிரதி ஒன்றையும் எஃப்.பி.ஐ. கண்டுபிடித்தது.

பழுதுபார்ப்பும் மன்னிப்பும்

ஜெரோம் லிட்டில் என்ற பெயரை இங்கே சொல்லியாக வேண்டும். கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வைக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவர் அவர். மக்கள்தொகையில் பெரும்பான்மையாக இருந்தும், தொகுதி எல்லைகளை எதிர்த்து நெடுநாள் போராடிய பிறகு, 1990களில்தான் அந்தக் குழுவுக்குள் கறுப்பினத்தவர் நுழைய முடிந்தது. 2006இல் லிட்டிலின் முன்முயற்சியில் எம்மெட் டில் நினைவு ஆணையம் அமைந்தது. கறுப்பர் ஒன்பது பேர், வெள்ளையர் ஒன்பது பேர். பக்கத்து டட்வைலர் ஊரின் கறுப்பின மேயர் ராபர்ட் கிரேசனும், தோட்டக்காரக் குடும்பத்து வெள்ளைப் பெண்மணி பெட்டி பியர்சனும் இணைத் தலைவர்கள். பெட்டி பியர்சன் 1955இல் அந்த மாடிக் கூடத்தில் உட்கார்ந்து விசாரணையை நேரில் பார்த்தவர்.

ஆணையத்தின் முன்னால் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, டில் குடும்பத்திடம் பேசுவது. மற்றொன்று, கோர்ட்டுக் கட்டடத்தைக் காப்பாற்றுவது. கவுண்டியிடம் பணம் இல்லை. வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடம் என்றால்தான் வெளியிலிருந்து நிதி வரும். அந்தக் கட்டடத்தின் வரலாற்றுச் சிறப்பு என்று எதைச் சொல்வது? 1955ஐத் தவிர வேறொன்றும் இல்லை. மறைத்துவைத்த ஒன்றே கட்டடத்தைக் காப்பாற்றும் வழியாகவும் ஆனது.

இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. பணத்துக்காகவும் சுற்றுலாவுக்காகவும் வந்த மனமாற்றம் என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரே ஊரில் தோட்டக்காரரின் பேரனும் வாரக்குடியின் பேரனும் ஒரே மேசையில் உட்கார்ந்து, முகம் பார்த்து, கொலையைப் பற்றிப் பேசுவது வெறும் நல்லெண்ணத்தால் மட்டும் நடந்துவிடாது. அங்கே அது ஐம்பது ஆண்டு நடக்கவில்லை. இருவருக்கும் பொதுவான ஒரு கட்டடம், இருவருக்கும் பொதுவான ஒரு பணமுடை, அவர்களை அந்த மேசைக்கு வரவழைத்தது. வந்த பிறகு அங்கே நடந்தது பழுதுபார்ப்புக் கணக்கு மட்டுமில்லை. மன்னிப்பு என்ற சொல்லைப் போடலாமா, நாங்கள் செய்யாத தவறுக்கு நாங்கள் ஏன் கேட்க வேண்டும் என்றெல்லாம் கசப்பாகப் பேசித்தான் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

2007 அக்டோபர் 2. கோர்ட்டு வாசலில் சில நூறு பேர் கூடியிருந்தார்கள். டில் குடும்பத்தினர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆணையத்தின் தீர்மானத்தை வாசித்தார்கள். உண்மையைச் சொல்வதிலிருந்துதான் இனங்களுக்கிடையே சமரசம் தொடங்குகிறது என்று அது ஆரம்பிக்கிறது. இந்த வழக்கில் பெரும் அநீதி நடந்தது, நீதியை உரியபடி தேடத் தவறினோம் என்று ஒப்புக்கொள்கிறது. இந்தச் சமூகத்தில் உங்களுக்கும் உங்கள் அன்புக்குரியவனுக்கும் நேர்ந்ததற்காக ஆழ்ந்து வருந்துகிறோம் என்று குடும்பத்தை நோக்கிச் சொல்கிறது. 1913ஆம் ஆண்டுச் சிலை நிற்கும் அதே புல்வெளியில், அன்று ஒரு தகவல் பலகையும் நிறுவினார்கள். விடுதலையான இருவரும் பிறகு கொலையை ஒப்புக்கொண்டதை அந்தப் பலகை பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது.

பிறகு நிதி வந்தது. கூடத்தை 1955இல் இருந்தபடி மீட்டமைத்தார்கள். விதர்ஸ் எடுத்தது போன்ற பழைய படங்கள் இதற்கு உதவின. 2015 வாக்கில் வேலை முடிந்தது. சதுக்கத்தின் எதிர்ப்புறம் டில் விளக்க மையம் ஒன்றும் திறந்தது. ஜெரோம் லிட்டில் 2011இலேயே இறந்துவிட்டதால் இதைப் பார்க்கவில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் மக்கள் அவரைக் கொண்டாடியது போதாது என்பது என் எண்ணம்.

மற்ற இடங்கள்

சம்னர் செய்ததன் அருமை, சுற்றுவட்டாரத்தைப் பார்த்தால் இன்னும் தெரியும். லெஃப்லோர் கவுண்டியின் மணி கிராமத்தில் பிரயண்ட் கடை தனியார் கையில் இருக்கிறது. கூரை விழுந்து, சுவர் இடிந்து, கொடி படர்ந்து கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருந்த பெட்ரோல் பங்க், உரிமைப் போராட்ட வரலாற்றுக்கென்று மாநிலம் ஒதுக்கிய நிதியில் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் பெற்று அழகாகப் புதுப்பிக்கப்பட்டது. அந்த பெட்ரோல் பங்கில் 1955இல் நடந்தது என்று சொல்ல எதுவும் இல்லை. நிதி வந்தாலே உண்மை வந்துவிடும் என்பதில்லை. சம்னரில் நிதிக்கு முன்னால் ஒரு தீர்மானம் வந்தது, ஊர் கூடி அதைக் கேட்டது. வித்தியாசம் அதுதான்.

டலஹாச்சி கவுண்டிக்குள்ளேயும் எல்லோரும் மனம் மாறிவிடவில்லை. உடல் கரையேறியதாகக் கருதப்படும் கிராபால் லேண்டிங் என்ற ஆற்றங்கரையில் ஆணையம் வைத்த முதல் பலகையை 2008இல் யாரோ பிடுங்கிக்கொண்டு போனார்கள். அடுத்தது துப்பாக்கிக் குண்டுகளால் சல்லடையானது. மூன்றாவது வைத்து ஐந்து வாரத்தில் அதிலும் துளைகள். 2019இல் குண்டு துளைக்காத, இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பலகையை நட வேண்டியிருந்தது.

சட்டத்தின் வழியும் அடைந்தே கிடந்தது. 2022இல் லெஃப்லோர் கவுண்டி நீதிமன்றத்தின் அடித்தளத்தில், கரோலின் பிரயண்டைக் கைதுசெய்ய 1955 ஆகஸ்டில் பிறப்பித்து நிறைவேற்றாமலே விட்ட வாரண்ட் கிடைத்தது. கிராண்ட் ஜூரி அப்போதும் வழக்குப் பதிய மறுத்தது. 2023 ஏப்ரலில் அவர் இறந்தார். அவரோடு வழக்கின் கடைசி வாய்ப்பும் போனது.

அதே ஆண்டு ஜூலை 25, எம்மெட் டில்லின் 82ஆவது பிறந்தநாள். அன்று அதிபர் ஜோ பைடன் எம்மெட் டில் மற்றும் மேமி டில்-மோப்லி தேசிய நினைவிடத்தை அறிவித்தார். சிகாகோவின் ராபர்ட்ஸ் டெம்பிள் தேவாலயம், கிராபால் லேண்டிங், சம்னர் நீதிமன்றம் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. தேசியப் பூங்காத் துறை அங்கே வேலையைத் தொடங்கிவிட்டது.

சம்னர் கட்டடம் அருங்காட்சியகமாகிவிடவில்லை, கவுண்டியின் நீதிமன்றமாகவே நீடிக்கிறது. மிசிசிப்பியில் ஜூரிக்கான பெயர்களை இன்றும் வாக்காளர் பட்டியலிலிருந்துதான் எடுக்கிறார்கள். டலஹாச்சியின் பெரும்பான்மை இன்றும் கறுப்பினத்தவர்தான். 1955இல் ஒரு பெயர்கூட இல்லாத அந்தப் பட்டியலில் இப்போது அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. மோஸஸ் ரைட் சாட்சி சொன்ன கூடத்தில் ஜூரி இருக்கைகளில் அவர்களும் உட்காருகிறார்கள்.